தோல்மண்டித் தராசும் மூன்று வேளைச் சோறும்

எடை பார்த்த அன்று கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில் ஏழு பேர் இருந்தோம். தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்து ஓய்ந்த ராயப்பன், அவர் மனைவி ராணி, அவர்கள் மகன் பிரிட்டோ, சிமெண்டுக் கடை ரீகன், நாடகம் பழக்கும் சின்னப்பன் வாத்தியார், திண்டுக்கல் டவுனிலிருந்து தராசு கொண்டு வந்த கனி பாய், ஏழாவதாக நான். யாரும் யாரையும் அடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அடித்துக்கொள்வார்கள் என்று நான் அன்று பயந்துபோய்விட்டேன்.

நான் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரன். பெயர் சூசை. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன். மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் உடைக்கிற வேலை. கடலைப் பார்க்காமல் நான் நாலு நாள் இருந்தது இந்தப் பயணத்தில்தான்.

போன காரணம் என் மகள் ஜெனி. வேடசந்தூரில் நூல் மில்லில் வேலை, மில் விடுதியிலேயே தங்கல். அந்த மில்லில் எலெக்ட்ரீஷியன் பிரிட்டோ. கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்று பொங்கலுக்கு வந்தபோது சொன்னாள். வேதம் ஒன்றுதான், கோயில் ஒன்றுதான். ஆள்கள் வேறு. வேறு என்றால் எப்படி வேறு என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கிளம்பும்போது என் மனைவி, "வார்த்தை எதுவும் கொடுத்துட்டு வந்துராதீங்க" என்றாள். என் அண்ணன் பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து, "ஏல சூசை, கை நனைச்சிராத" என்றான்.

பெண் பார்க்கவோ மாப்பிள்ளை வீடு பார்க்கவோ போனால், முடிவாகும்வரை அந்த வீட்டில் சோறு சாப்பிடக் கூடாது. கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். எல்லாச் சாதியிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் அண்ணன் சொன்னது அந்த அர்த்தத்தில் மட்டும் இல்லை. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

வியாழக்கிழமை பத்தரைக்குத் திண்டுக்கல்லில் இறங்கினேன். வெயில் எங்கள் ஊரிலும் உண்டு. ஆனால் எங்கள் வெயிலில் ஈரம் இருக்கும், சட்டை முதுகோடு ஒட்டும். இங்கே வியர்வை வெளியே வருவதற்குள் காய்ந்துவிடுகிறது. ஊருக்கு நடுவே அந்த மொட்டைப் பாறை, எந்தத் தெருவில் திரும்பினாலும் பின்னாலேயே வருகிறது.

போகிற வீட்டில் பசிக்கக் கூடாதே என்று முதல் வேலையாக பிரியாணி சாப்பிட்டேன். சின்னச் சின்ன சீரக சம்பா அரிசி, மிளகுக் காரம், கறி பஞ்சாக இருந்தது. பக்கத்து மேசையில் ஒருவர் சர்வரிடம், "ஏப்பா, கறியத் தேடித்தான் வந்தோம், சோத்துக்குள்ள ஒளிச்சு வச்சு வெளையாடுறியா?" என்றார். சர்வர் அலட்டிக்கொள்ளவில்லை. "தேடுங்கண்ணே, கெடைக்கும்" என்று போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், இருந்தது.

பிறகு பஸ்ஸில் தப்பு நடந்தது. ரெட்டியார்சத்திரம் போகுமா என்று கேட்டேன், கண்டக்டர் தலையை ஆட்டினார். அவர் ஆட்டியது எனக்குப் பின்னால் நின்ற அம்மாவுக்கு என்பது முக்கால் மணி நேரம் கழித்துத் தெரிந்தது. சித்தையன்கோட்டையில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். சுற்றிலும் பச்சை நெல்லும் தென்னையும். டீக்கடை அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, பர்ஸ் போச்சா?" என்றார். ஊர் போச்சு என்றேன். "அம்புட்டுத்தானே? இது தெக்க. ஒங்களுக்கு வடக்க போகணும். திரும்ப டவுனுக்குப் போயி பழனி ரோட்டு பஸ் ஏறுங்க. செத்த நேரம் ஒக்காருங்க, இந்தா வந்துரும்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். டீக்குக் காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டார்.

ரெட்டியார்சத்திரத்திலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர். ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று ராயப்பன் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. சம்பங்கித் தோட்டம், முருங்கை, சோளக்கொல்லை, அப்புறம் வெள்ளையடித்த கோயில். கோயிலுக்கு மேற்கே மேலத்தெரு, கிழக்கே கீழத்தெரு. ராயப்பன் வீடு கீழத்தெருவில் கடைசி.

அவர் சின்ன ஆள். இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்தார். "வாங்க சம்பந்தி" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "வாங்கண்ணே" என்று மாற்றினார். பிரிட்டோவைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. ஜெனி காட்டிய போட்டோவில் மீசை இருந்தது, இங்கே மழுமழுவென்று இருந்தார். ஏதும் சீக்கோ என்று நான் பார்த்த பார்வையைப் பார்த்து அவரே சொன்னார்: "சனிக்கிழம கோயில் திருநாள் நாடகத்துக்கு எடுத்துட்டேங்க. பொம்பள வேசம்."

அந்த வீட்டில் எனக்காக மீன் குழம்பு வைத்திருந்தார்கள். கடல்காரர் வருகிறார் என்று ராயப்பன் சைக்கிளில் போய் டேம் மீன் வாங்கி வந்தாராம். தட்டு கழுவி, வாழை இலை விரித்து, தம்ளரில் தண்ணீர் வைத்திருந்தது. எனக்கு வயிறு சரியில்லை என்றேன்.

"ஒரு வாயி சாப்பிடுங்கண்ணே. குழம்பு வேணாம்னா ரசம் இருக்கு" என்றார் ராணி.

வேண்டாம் என்றேன். அவர் இலையை மடிக்காமல் அப்படியே எடுத்து உள்ளே போனார். மூன்று வேளையில் அது முதல் வேளை.

அன்று ராத்திரி டவுனில் லாட்ஜில் தங்கினேன். பூட்டுக்குப் பேர்போன ஊரில் எனக்குக் கிடைத்த அறையில் தாழ்ப்பாள் சரியில்லை. கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துப் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் ராயப்பன் குட்டியானை வண்டியில் வந்து லாட்ஜ் வாசலில் நின்றார். நாடகத்துக்குத் தராசு எடுக்கப் போகிறோம், நீங்களும் வாங்க என்றார். போகிற வழியில்தான் அந்த நாடகத்தின் கதையைச் சொன்னார்.

எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரச் சாமியார் கப்பலில் கொண்டு வந்த கதை, எந்த தேசத்துக் கதை என்று வாத்தியாருக்கே தெரியாது. ஒரு கோட்டை ராசாவின் மகனை எதிரி ராசா சிறைபிடித்துவிடுகிறான். "உன் மகனுக்கு ஈடான எடை வைத்தால் விடுகிறேன்" என்கிறான். தராசில் ஒரு தட்டில் இளவரசன். மறு தட்டில் ராசா பொன்னைக் குவிக்கிறார், தட்டு இறங்கவில்லை. ராசாவின் மனைவி நகையைக் கழற்றிப் போடுகிறாள், இறங்கவில்லை. தோல் பதனிடுகிறவன் மகள் எமிலி என்று ஒருத்தி. இளவரசன் அவளை நேசித்த குற்றத்துக்காக ராசா அவளை ஊரைவிட்டே துரத்தியிருக்கிறார். அவள் வந்து தானே தட்டில் ஏறி நிற்கிறாள். முள் நேராக நிற்கிறது. ஈடு கிடைத்தது என்று எதிரி அவள் கழுத்தை வெட்டப்போக, இளவரசன் தன் கழுத்தையும் பக்கத்தில் வைக்கிறான். எந்தக் கழுத்து ராசா கழுத்து, எந்தக் கழுத்து தோல்காரி கழுத்து என்று எதிரிக்குத் தெரியவில்லை. வாளைப் போட்டுவிட்டு இரண்டு பேரையும் அனுப்பிவிடுகிறான்.

"முள்ளு நேரா நிக்கிறத ஊரே பாக்கணும்ணே. அதுக்குத்தான் எங்க நாடகம் ராத்திரி இல்ல. பொழுது இருக்கையிலயே ஆரம்பிச்சிருவோம்" என்றார்.

கனி பாய் வீடு டவுனில். அவர் வாப்பா காலத்தில் தோல்மண்டி இருந்தது. இப்போது மசாலாக் கடை. ஆனால் தோல்கட்டு நிறுத்த அந்தத் தராசை மட்டும் விற்கவில்லை. இரும்புத் தண்டு ஓர் ஆள் நீளம். தட்டு ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் தாராளமாக நிற்கலாம். வருடா வருடம் அவரே கூட வந்து கட்டித் தொங்கவிட்டு, காலித் தட்டு சமமாக நிற்கிறதா என்று பார்ப்பார். நாடகத்தில் முள் நடுவுக்கு வந்ததும் "சமம்!" என்று குரல் கொடுக்கிறவரும் அவர்தான். அந்தக் குரல் வந்தால்தான் அடுத்த காட்சி.

"ஒங்க இளவரசன எங்க தராசுதான் காப்பாத்திக்கிட்டு இருக்கு. இன்ஷா அல்லாஹ், இந்த வருசமும் பொழச்சுக்குவான்" என்று சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறினார்.

பதினோரு மணிக்கு வேப்பமரத்தடியில் எடை பார்த்தார்கள். இளவரசன் வேஷம் தலைமுறை தலைமுறையாக மேலத்தெருவுக்கு, எமிலி வேஷம் கீழத்தெருவுக்கு. இரண்டு பேர் எடை எப்படி ஒன்றாக இருக்கும்? அதனால் முதல் நாள் நிறுத்துப் பார்ப்பார்கள். எமிலி எடை குறைவாக இருந்தால், குறைகிற அளவுக்குக் கல்லைச் சாக்குத் துணியில் சுற்றி அவள் இடுப்பில் கட்டி, மேலே சேலை உடுத்திவிடுவார்கள். கூடுதலாகிவிடும் என்று முன்பே தெரிந்தால்? திருநாளுக்கு முன்னால் வரும் தவக்காலம் முழுவதும் கீழத்தெரு ஆள் ஒரு பொழுதுதான் சாப்பிட வேண்டும். இரண்டிலும் இளவரசன் பக்கம் யாரும் தொடுவதில்லை.

ராயப்பன் பன்னிரண்டு வருடம் எமிலியாக நின்றவர். சட்டையைத் தூக்கிக் காட்டினார். இடுப்பைச் சுற்றிக் கயிறு அறுத்த தடம் கறுப்பாக இருந்தது. அவர் சாய்ந்து நடக்கிற காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "ஒரு வருசம் பதினெட்டுக் கிலோ. மேடையில அசையலயே!" என்றார். அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

ரீகன் நல்ல தடித்த ஆள், சிரித்த முகம். முழு வேஷத்தோடு வந்திருந்தார். பித்தளைக் கிரீடம், இடுப்பில் வாள், லாடம் அடித்த பூட்ஸ், நெஞ்சில் இரும்புக் கவசம். தட்டில் ஏறினார், தட்டு தரையைத் தொட்டது. பிரிட்டோ மறு தட்டில் ஏறினார், மேலேயே தொங்கினார். கனி பாய் படிக்கல்லை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, "பதினோரு கிலோ கொறையுது" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மனதில் ஒன்று உறுத்தினால் கேட்காமல் இருக்க வராது எனக்கு.

"சிறையில கெடக்கிறவருக்கு எதுக்குங்க கிரீடமும் வாளும்?" என்றேன். "பிடிச்சவன் அதையெல்லாம் மொதல்ல புடுங்கியிருப்பாம்லா?"

சின்னப்பன் வாத்தியார் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"ராசா கைதியானாலும் ராசாதான். நாடக ஏட்டுல அப்படித்தான் இருக்கு."

"ஏட்டுல கிரீடம்னு எங்க இருக்கு வாத்தியாரே?" என்றார் கனி பாய். "இத்தன வருசமா எடை போடுறேன், எனக்கே தோணல பாருங்க. கடல்காரரு கேக்கிறது நியாயம்தானே?"

"பாய், நீங்க தராச மட்டும் பாருங்க. ஏலே பிரிட்டோ, எறங்கி வா. கல்லக் கட்டு."

பிரிட்டோ இறங்கினார். கல் பையைப் பார்த்தார். "இந்த வருசம் கல்லு வேணாம் சார்" என்றார்.

"என்னடா?"

"என் எடையிலயே நிக்கிறேன்."

"நீ நின்னா முள்ளு நிக்காது. திருநாளு கெட்டுப்போகும். ஒங்கப்பன் பன்னெண்டு வருசம் கட்டுனான், வாயத் தொறந்தானா?"

"அவரு நடக்கிறதப் பாருங்க சார்."

ராயப்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏலே அப்பு, வீட்டுக்கு வந்தவுக முன்னாடி வேணாம்டா. கட்டிக்கடா. ஒரு மணி நேரம்தானே?" என்று மகன் கையைப் பிடித்தார். மகன் கையை உதறவில்லை. ஆனால் அசையவும் இல்லை. ரீகன் மட்டும் கிரீடத்தைக் கையில் எடுத்து எடை பார்ப்பது போல மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டிருந்தார்.

வாத்தியார் ஏட்டை இடுக்கிக்கொண்டு எழுந்து போனார். நாளைக்குள் புத்தி வரும் என்று போகிற போக்கில் சொன்னார்.

என்னால்தான் எல்லாம், இனி அடிதடிதான் என்று பயந்தேன். ஊரோடு பகைத்துக்கொண்ட வீட்டிலா மகளைக் கொடுப்பது? வேண்டாம் என்று சொல்லக் காரணம் கிடைத்துவிட்டது என்று ஒரு பக்கம் மனது நிம்மதிப்பட்டது. அந்த நிம்மதி எனக்கே அசிங்கமாக இருந்தது. இரண்டு நாளாக அந்தப் பையனிடம் நான் என்ன கேட்டிருந்தேன்? சம்பளம் எவ்வளவு, பத்திரம் யார் பேரில், கடன் உண்டா. நானும் படிக்கல் வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

மதியம் ராணி சாப்பிடக் கூப்பிட்டார். வயிறு என்றேன். "இன்னும் சரியாகலையாண்ணே?" என்றார். கண்ணைப் பார்த்துக் கேட்டார், அவருக்குத் தெரியும். இரண்டாவது வேளை.

பிறகு பிரிட்டோ பைக்கில் என்னை ரெட்டியார்சத்திரம் கொண்டுவந்து விட்டார். பஸ்ஸுக்கு நிற்கும்போது, "ஒங்களுக்குச் சங்கடமாப் போச்சு, மன்னிச்சுக்கங்க" என்றார். எதற்குத் தம்பி இந்தப் பிடிவாதம் என்று கேட்டேன். பைக்கை ஓரமாக ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"ஜெனி நாடகம் பாத்ததில்லைங்க. கதைய மட்டும் சொன்னேன். ரெண்டு பேரும் சமமா நின்னாங்களான்னு கேட்டுச்சு. ஆமான்னேன். கல்லு கட்டுறதச் சொல்லல. சொல்லாம விட்டது உறுத்திக்கிட்டே இருக்கு."

பஸ் வந்தது. இந்தத் தடவை கண்டக்டரிடம் இரண்டு முறை கேட்டு ஏறினேன்.

சனிக்கிழமை மதியம் போனேன். திருநாள் சாப்பாடு, எல்லா வீட்டிலும் கறி. ராணி இலை போடவில்லை. "மோராவது குடிக்கிறீங்களா?" என்று மட்டும் கேட்டார். அதுவும் வேண்டாம் என்றேன். மூன்றாவது வேளை. எனக்குப் பசித்தது.

நாலு மணிக்கு நாடகம் தொடங்கியது. மேலத்தெருவுக்கு நாற்காலி, கீழத்தெருவுக்கு ஜமுக்காளம் என்று சட்டம் ஒன்றும் இல்லை. அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஊர்க் கோயிலிலும் இப்படித்தான். அங்கே நாற்காலியில் உட்காருகிறவன் நான். இங்கே ராயப்பனோடு ஜமுக்காளத்தில் உட்கார்ந்தேன். காலை எங்கே மடக்குவது என்று தெரியவில்லை.

தராசுக் காட்சி வந்தபோது வெயில் சாய்ந்து இரும்புத் தண்டில் பட்டுப் பளபளத்தது. ரீகன் தட்டில் ஏறினார், தட்டு தரையைத் தொட்டது. ராசா பொன்னைக் குவித்தார், இறங்கவில்லை. ராசா மனைவி நகை போட்டாள், இறங்கவில்லை. எமிலி வந்தாள். மஞ்சள் சேலை, நீள முடி. சேலை இடுப்பில் ஒட்டிக் கிடந்தது. ராயப்பன் என் முழங்கையைப் பிடித்தார். "கட்டல" என்றார்.

எமிலி தட்டில் ஏறினாள். தட்டு அப்படியே மேலே தொங்கியது.

நாற்காலிப் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "ஏலே, கல்ல எங்கடா தொலைச்ச?" இன்னொரு குரல்: "புள்ளைக்கு மில்லுல சோறு போடலையாம்ல!" சிரித்தார்கள். ஜமுக்காளப் பக்கம் ஒருவரும் சிரிக்கவில்லை. சிலர் எழுந்தார்கள். நான் வெளியே போகிற வழியைப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

அப்போது ரீகன் கிரீடத்தைக் கழற்றினார். குனிந்து தரையில் வைத்தார்.

"எடுக்காதடா!" என்று படுதாவுக்குப் பின்னாலிருந்து வாத்தியார் கத்தினார். மைக்கில் அதுவும் கேட்டது.

ரீகன் நாடகக் குரலில், "சிறையில் கிடந்தவனுக்கு எதற்கு இந்தச் சுமை?" என்றார். வாளை உருவி வைத்தார். கவசத்தின் வாரை அவிழ்க்க முடியாமல் திணறினார். எமிலி எட்டி அவிழ்த்துவிட்டாள். கவசம் கீழே விழுந்த சத்தத்தில் ரீகன் நின்ற தட்டு தரையை விட்டு எழும்பியது. கடைசியாக பூட்ஸ். ஒற்றைக் காலில் நின்று தட்டு ஆட ஆட ஒவ்வொன்றாகக் கழற்றினார். வெறுங்காலும் பனியனுமாக அவர் நின்றபோது அந்தத் தொப்பையைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. இவர்கள் இரண்டு பேரும் முன்கூட்டியே பேசி வைத்தார்களா என்று நான் பிறகு கேட்டேன். இரண்டு பேருமே சொல்லவில்லை.

தராசு ஆடி ஆடி நின்றது. எல்லோரும் முள்ளைப் பார்த்தோம். முள் நடுவுக்கு வரவில்லை. இளவரசன் பக்கமே சாய்ந்து நின்றது.

ஊர் முழுக்க கனி பாய் முகத்தைப் பார்த்தது. அவர் தராசுக்கு அடியில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார். "சொல்லுங்க பாய்" என்று யாரோ கெஞ்சினார்கள். அவர் முள்ளுக்கும் நடுக்கோட்டுக்கும் நடுவே கையை வைத்து விரலால் அளந்தார்.

"சமம்னு சொல்லமாட்டேன். பொய் எடை சொன்னா நாளைக்கு அல்லாகிட்ட எனக்குக் கணக்கு இருக்கு" என்றார். "ஆனா கிட்ட வந்துருச்சு. கல்லு இல்லாம இம்புட்டுக் கிட்ட இது வந்து நான் பாத்ததில்ல. நாலு விரல் கொறை. அம்புட்டுதான்."

பிறகு படுதாவுக்குப் பின்னால் ஆர்மோனியம் அடுத்த காட்சிக்கு எடுத்துக் கொடுத்தது. வாசித்தது வாத்தியார்தான். கோபத்தில் வாசித்தாரா வேறு எதிலா, எனக்குச் சொல்லத் தெரியாது.

கழுத்து வைக்கிற காட்சியில் ராயப்பன் அழுதார். பன்னிரண்டு வருடம் அந்தப் பலகையில் கழுத்தை வைத்தவர். "நான் இத வெளியிலேருந்து பாத்ததே இல்லண்ணே" என்றார்.

நாடகம் முடிந்து அவர் வீட்டுக்கு நடந்தோம். ராணி அடுப்பங்கரையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நான் வாசலில் செருப்பைக் கழற்றி, அண்டாவில் தண்ணீர் மொண்டு கையைக் கழுவினேன். ஈரக் கையோடு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

"தங்கச்சி, சோறு இருக்கா?"

அவர் திரும்பிப் பார்த்தார். ஈரமாக இருந்த என் கையைப் பார்த்தார். "கறி தீந்துபோச்சேண்ணே. வெஞ்சனத்துக்கு ஒண்ணுமில்லையே" என்று பதறினார். "மொத நாளு மீன் கொழம்புதான் சுண்ட வச்சது கொஞ்சம் இருக்கு."

அதைத்தான் போடுங்கள் என்றேன். டேம் மீன், மண் வாடை அடித்தது. இரண்டாம் சோறும் வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிடும்போது அண்ணன் முகம் ஞாபகம் வந்தது. பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். திரும்பிப் போய் அவன் முன்னால் நிற்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வேடசந்தூர் போனேன். காய்ந்த நிலம், மில் பஸ்கள், சைக்கிள்கள். ஞாயிறு மட்டும்தான் விடுதியில் பெற்றவர்களைப் பார்க்க விடுவார்கள். ஜெனி கேட்டுக்கு ஓடி வந்தாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. எப்போது வந்தீர்கள், எங்கே தங்கினீர்கள் என்றெல்லாம் அவள் கேட்கவில்லை.

"யப்பா, கை நனைச்சீங்களா?"

"நனைச்சேன்."

அவள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எத்தன வேளை?"

மூன்று வேளை அந்த வீட்டில் சாப்பிட மறுத்ததை அவளிடம் மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். பிறகு கணக்கையும் சொன்னேன். வேண்டாம் என்றது மூன்று வேளை. சாப்பிட்டது ஒரு வேளை. இரண்டு வேளை இன்னும் பாக்கி.